சைக்கிள் டியூப் சுற்றிய சக்கரம்

தர்ஷினி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மடியில் ரோபோவைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அதன் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது சக்கரத்தில் கறுப்பு சைக்கிள் டியூப் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. வலது சக்கரம் வெறும் மஞ்சள் பிளாஸ்டிக். அதில் சுற்றியிருந்த டியூப் வரும் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

இடம், வங்காளத் தலைநகரின் சால்ட் லேக்கில் ஒரு பள்ளியின் பெரிய ஹால். பள்ளி மாணவர்களுக்கான ரோபோட்டிக்ஸ் போட்டியின் வட்டாரச் சுற்று. ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஓட்டங்கள். தர்ஷினியின் அணிக்கு இரண்டு முடிந்துவிட்டன. இரண்டிலும் ரோபோ கிளம்பிய வேகத்தில் வலது பக்கம் சாய்ந்து போய், மேசை விளிம்புக் கட்டையில் முட்டிக்கொண்டு நின்றது. முதல் தடவை மோட்டார் ஒயர் லூஸ் என்று நினைத்தார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகுதான் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"அக்கா, இங்கன பக்கத்துல சைக்கிள் கடை எங்கக்கா இருக்கும்?" என்று கேட்டாள்.

நான் அவளுக்கு எதிரே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில் என் பள்ளி அணித் தோழன் அர்கோவும் அப்படியே நின்றான். பார்த்தவர்கள் எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அப்படி நிற்பது எங்கள் அணியின் வழக்கம்.

கை பின்னால்

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் டாலிகஞ்ச் வீட்டு லிஃப்டைப் பற்றி எழுதியபோது, பள்ளி நாட்களில் நான் ரோபோ செய்தேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். ரோபோ என்றதும் ஆள் உயரத்துக்கு, கண்ணில் பல்பு எரிய ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு சிலர் விசாரித்திருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும். எங்கள் ரோபோ ஒரு செருப்புப் பெட்டி அளவு. இரண்டு மோட்டார், இரண்டு சக்கரம், முன்னால் ஒரு தள்ளுகட்டை. மேசையின் ஒரு மூலையிலிருந்து கிளம்பி, ஒரு டப்பாவைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டு, திரும்பி, எதிர் மூலையில் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை.

எங்கள் அணியின் முதல் வருடத்தில், ஊரிலேயே பெரிய பள்ளி ஒன்றின் அனுபவசாலி அணி எங்களுக்கு வழிகாட்ட வந்தது. நல்ல பையன்கள். "நகரு, நகரு" என்று சொல்லிக்கொண்டே எங்கள் ரோபோவை அவர்களே கட்டி முடித்துவிட்டார்கள். நாங்கள் அவர்களுக்கு சிங்காரா, அதாவது எங்கள் ஊர் சமோசா, வாங்கிக் கொடுத்தோம். போட்டியில் ரோபோ அழகாக ஓடியது. பிறகு நடுவர் ஒருவர் அர்கோவிடம், "இந்தப் பல்சக்கரம் ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அர்கோ, "தாதா அங்கே வெச்சாங்க" என்றான். தாதா என்றால் இங்கே அண்ணன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே, "நன்னா இருக்கு. அடுத்தவா பெத்த குழந்தைக்கு நீங்க ஆயுஷ்ஹோமம் பண்ணிண்டு நின்னேளாக்கும்?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அம்மா சொன்னதில் தப்பில்லை என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வந்தது.

அதனால்தான் நாங்கள் பதினோராம் வகுப்புக்கு வந்து, புதிய அணிகளுக்கு வழிகாட்டும் முறை எங்களுக்கு வந்தபோது, அர்கோ ஒரு சட்டம் போட்டான். அவர்கள் ரோபோவை நாம் தொடக் கூடாது. கை பின்னால் இருக்க வேண்டும். கேள்வி மட்டும் கேட்கலாம். தொட்டவர் கரியாஹாட் முனையில் எல்லாருக்கும் ஃபுச்கா என்கிற பானிபூரி வாங்கித் தர வேண்டும்.

சட்டம் போட்டவனே முதல் சனிக்கிழமை ஒரு ஸ்குரூவைத் திருகிவிட்டான். புளித்தண்ணீர் மூக்கில் ஏறும் அளவுக்குச் சாப்பிட்டோம். மறுநாள் முழுக்க என் வயிறு சரியில்லை. "வழிகாட்டறது உன் வயத்துக்கு ஆகலைன்னு தெரியறது" என்றாள் அம்மா.

சாந்த்ராகாச்சி சனிக்கிழமைகள்

எங்களுக்கு ஒதுக்கிய புதிய அணி சாந்த்ராகாச்சியில், ரயில்வே குடியிருப்பை ஒட்டிய ஒரு பள்ளியில் இருந்தது. சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்துப் புதுப் பாலத்தைக் கடந்து போவோம். திரும்பும்போது லோக்கல் ரயில்.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியையை எல்லாரும் பொரோதி, அதாவது பெரியக்கா, என்று கூப்பிட்டார்கள். உடைந்த பெஞ்சுகளும் கிழிந்த வாலிபால் வலையும் கிடந்த ஓர் அறையைக் காலி செய்து அவர் அணிக்குக் கொடுத்திருந்தார். நிபந்தனையும் சொல்லியிருந்தார்: போட்டியில் ஒரே ஓர் ஓட்டமாவது முழுசாக முடிக்க வேண்டும். முடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் பெஞ்சுகள் திரும்ப அந்த அறைக்கே வரும். பொரோதி கெட்டவர் இல்லை. அவருக்கு இடநெருக்கடி.

ஒன்பதாம் வகுப்பு தர்ஷினியை அந்த அறையில்தான் முதலில் பார்த்தேன். தமிழ்ப் பெயர் என்று நான் எனக்குள் தமிழில் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டுக் கண்ணை அகல விரித்தாள்.

"அக்கா, நீங்க தமிழாக்கா?"

"ஆமாம்."

"நெசமாவா? எந்த ஊரு?"

"டாலிகஞ்ச்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. என் கொள்ளுத்தாத்தா ஒரு கம்பெனியில் கணக்கு எழுத இந்த ஊருக்கு வந்தவர், தஞ்சாவூர்ப் பக்கம் என்று வீட்டில் சொல்வார்கள், நான் பார்த்ததில்லை என்று விளக்கியதும் கொஞ்சம் சமாதானமானாள்.

அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவளுக்கு வங்காளம் வராது, இந்தியும் அரைகுறை. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மணி அடித்ததும் எழுந்து வீட்டுக்குப் போவாள். யாரோடும் பேச்சு இல்லை. இந்த அறையில் மட்டும் பேச்சுக்கு அவசியம் குறைவு. ரியா என்று அவளுடைய அணித் தோழி ஒருத்தி இருந்தாள். ரியா கையை நீட்டினால் தர்ஷினி ஸ்குரூடிரைவரைக் கொடுப்பாள், தர்ஷினி புருவத்தைத் தூக்கினால் ரியா மோட்டாரை நிறுத்துவாள். இருவரும் சேர்ந்து சிரிக்கவும் செய்தார்கள்.

சனிக்கிழமைகளில் மட்டும் அவள் என்னைப் பிடித்துக்கொள்வாள். பள்ளியிலிருந்து ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்து, ஒரு வாரத்துப் பேச்சையும் தமிழில் கொட்டித் தீர்ப்பாள். சரக்கு ரயில் போனால் நிறுத்தி, அது போய் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாள். என் தமிழ் அவளுக்கு வேடிக்கை.

"ஏங்க்கா, தமிழ்ல பேசுறீங்க, கணக்கு மட்டும் ஏன் ஏக், துய், தின்னு எண்ணுறீங்க?"

"ஸ்கூல்ல அப்படித்தான் எண்ணிப் பழகினேன். வாயில அதுதான் வர்றது."

"எனக்கெல்லாம் சென்மத்துக்கும் வராது" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, "இந்த ரூம் போயிருச்சுன்னா நான் திரும்பக் கடைசி பெஞ்சுதாங்க்கா" என்றாள். அப்போது ரயில் வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன். எனக்கு அன்று முழுவதும் மனசு சரியாக இல்லை.

நாங்கள் கொடுத்த மாதிரி

முதல் நாளே எங்கள் பழைய புரோகிராமை அவர்கள் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்திருந்தோம். புரோகிராம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சக்கரம் ஐந்து சுற்று முன்னால் போ, இரண்டு சுற்று திரும்பு என்பது போலக் கட்டளைகள் வரிசையாக இருக்கும். அந்த எண்கள் எங்கள் ரோபோவுக்கு, எங்கள் சக்கரத்துக்கு, எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்துப் பார்த்துப் போட்டவை. மாதிரிக்குத்தான் கொடுத்தோம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சில வாரங்களில் அவர்கள் ரோபோவின் சக்கரத்தில் சைக்கிள் டியூப் ஏறியது. வாராவாரம் சுற்று கூடிக்கொண்டே போனது. அர்கோ அதைப் பார்த்துவிட்டு, "பா! நல்ல பிடிமானம்" என்று பாராட்டினான். மழைக்குப் பிறகு வழுக்கும் சாலையையே பார்த்து வளர்ந்தவன், ரப்பரைப் பார்த்தால் பிடிமானம் என்றுதான் நினைப்பான். நானும் அப்படியே நினைத்தேன். கேள்வி மட்டும் கேட்கலாம் என்று சட்டம் போட்டுக்கொண்ட நாங்கள், அந்த டியூபைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஹாலின் தரை

இனி சால்ட் லேக் ஹாலுக்குத் திரும்பலாம்.

காலையில் அவர்கள் ரோபோவை அட்டைப் பெட்டியில் வைத்து, லோக்கலில் ஹௌரா வந்து, அங்கிருந்து நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார்கள். அந்த நெரிசலில் டியூப் போயிருக்க வேண்டும். மூன்றாவது ஓட்டத்துக்கு முன்னால் இன்னும் நாலைந்து அணிகள்தான் இருந்தன. ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அர்கோ ஒரு கையால் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஃபுச்கா, ஃபுச்கா" என்று மந்திரம் மாதிரி முணுமுணுத்தான். கை அவ்வளவு அரித்தது அவனுக்கு.

"சைக்கிள் கடை எதுக்கு?" என்று கேட்டேன்.

"டியூப் வேணும்லக்கா."

"டியூப் எதுக்கு?"

இந்தக் கேள்வியை இரண்டு மாதம் முன்னாலேயே கேட்டிருக்கலாம். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்க சக்கரம் சின்னதுக்கா. உங்க புரோகிராம்ல அஞ்சு சுத்துன்னு இருக்கு. எங்க சக்கரம் அஞ்சு சுத்து சுத்துனாலும் டப்பாகிட்ட போய்ச் சேரல. அதான் டியூப்பச் சுத்திச் சுத்திப் பெருசாக்குனோம். எட்டு சுத்து டியூப் ஏத்துனதும் கரெக்டாப் போச்சு."

அர்கோவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "பாபாரே!" என்று வாயைப் பிளந்தான்.

புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றினால் முடிகிற காரியம். அதற்கு இந்தப் பெண்கள் சனி ஞாயிறெல்லாம் டியூப் வெட்டி, ஒட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி ஒட்டி, ஒரு சக்கரத்தையே வளர்த்திருக்கிறார்கள். திரும்புவது சரியாக வரவில்லை என்று இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் உள்ள தூரத்தையும் கழற்றிக் கழற்றி மாற்றியிருக்கிறார்கள்.

"நம்பரை மாத்தியிருக்கலாமே?" என்றேன்.

ஏதோ சாமி படத்தின் மேல் காலை வைக்கச் சொன்னது போல அவள் பின்வாங்கினாள்.

"அது உங்க நம்பர்க்கா. நீங்க எங்க ரோபோவ ஒரு விரலால கூடத் தொட மாட்டேங்கிறீங்க. நாங்க மட்டும் உங்க புரோகிராம்ல கை வைக்கலாமா?"

"அது வெறும் மாதிரிக்குக் கொடுத்தது" என்றேன்.

ஸ்பீக்கரில் அடுத்த அணியின் பெயரைச் சொன்னார்கள். நான் கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். "தர்ஷினி, டியூப் இருக்கற சக்கரம் ஒண்ணு, இல்லாத சக்கரம் ஒண்ணு, ரெண்டும் உன் மடியிலயே இருக்கு. எது எத்தனை பெருசு?"

அவள் இரண்டு சக்கரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கழுத்தில் மாட்டியிருந்த அடையாள அட்டையின் நாடாவைக் கழற்றி, டியூப் சக்கரத்தைச் சுற்றி, நகத்தால் குறித்து, ரியாவின் ஸ்கேலில் வைத்து அளந்தாள். அடுத்து வெறும் சக்கரம்.

"இருபது... பதினாறு..." வாய்க்குள்ளேயே தமிழில் கணக்குப் போட்டாள். "இருபதுக்குப் பதினாறு. அஞ்சுக்கு நாலு. அப்ப அஞ்சு சுத்து இருந்த எடத்துல ஆறேகால் சுத்து சுத்தணும். சரியாக்கா?"

"என்னை ஏன் கேக்கறே?" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

அவள் ரியாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். ரியா உடனே இடது சக்கரத்து டியூபைக் கத்தரிக்கோலால் கிழித்து எறிந்தாள். தர்ஷினி லேப்டாப்பைத் திறந்து, ஒவ்வொரு எண்ணாக அழித்து, ஒவ்வொன்றையும் கால் பங்கு கூட்டிப் போட்டாள். முதல் எண்ணை அழிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது. அடுத்தடுத்து வேகம் வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க நேரமில்லை. அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ரோபோ கிளம்பியது. நேராகப் போனது. டப்பாவைத் தொட்டு, தள்ளி, கோட்டைத் தாண்டியது. திரும்பியது. எதிர் மூலைக்குப் போய், பாதிச் சக்கரம் கட்டத்துக்கு வெளியே இருக்க நின்றது. நடுவர் குனிந்து பார்த்தார். சுற்றிப் போய் அந்தப் பக்கமும் குனிந்து பார்த்தார். பிறகு கட்டைவிரலைத் தூக்கினார்.

ரியா போட்ட கூச்சலில் பக்கத்து மேசையில் ஒரு ரோபோ திசை மாறியது என்று அர்கோ இன்றும் சத்தியம் செய்கிறான். பொய்தான்.

நடுவரின் கேள்வி

புதிய அணிகளை நடுவர்கள் தனியாக விசாரிப்பார்கள். வழிகாட்டிய அணிக்கு ஒரு கேடயம் உண்டு. அது எங்களுக்குத்தான் என்று ஹாலில் பரவலான பேச்சு. அர்கோ அதை எங்கே மாட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தான்.

"புரோகிராம் யார் எழுதியது?" என்று நடுவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

தர்ஷினி எங்களைக் கையால் காட்டினாள். இந்தி, ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்து பதில் சொன்னாள். "புரோகிராம் தீதியோடது. நம்பர் எங்களோடது."

நடுவர் எங்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கேடயம் வேறு அணிக்குப் போனது. அர்கோ அன்று வீடு திரும்பும்வரை பொருமிக்கொண்டே வந்தான். என்னைக் கேட்டால், தீர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, புரோகிராம் எங்களுடையதுதானே. தர்ஷினியின் அணி பட்டியலில் கடைசிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பொரோதி வாக்குத் தவறவில்லை. பெஞ்சுகள் வராந்தாவிலேயே மழையில் நனைந்துகொண்டு கிடந்தன.

மறு வருடம்

அடுத்த குளிர்காலம், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைப் படிப்புக்கு நடுவில் ஒரு சனிக்கிழமை, சாந்த்ராகாச்சிக்குத் தனியாகப் போனேன். சொல்லிவிட்டுப் போகவில்லை. அம்மா ஒரு டப்பாவில் முறுக்கு கட்டிக் கொடுத்தாள், "அந்தத் தெக்கத்திப் பொண்ணுக்கு" என்று.

அறைக்கு வெளியே வரும்போதே சத்தம் கேட்டது. உள்ளே ஊலுபேரியா பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து வந்த சின்னப் பிள்ளைகள் தரையில் ஒரு ரோபோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினி நடுவில் நின்றுகொண்டு கத்திக்கொண்டிருந்தாள், வங்காளத்தில். இலக்கணம் கண்டபடி உடைந்தது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. மற்றவர்களும் செய்யவில்லை. அவளுடைய கைகள் இரண்டும் பின்னால் கட்டியிருந்தன.

கதவருகே இருந்த லேப்டாப்பில் எங்கள் பழைய புரோகிராம் தெரிந்தது. கட்டளைகள் அப்படியே இருந்தன. எண்கள் இருந்த இடமெல்லாம் காலி.

ஒரு பொடியன் அவளை அண்ணாந்து பார்த்து, எத்தனை சுற்று போடுவது தீதி என்று கேட்டான்.

"ஆமி கீ ஜானி? சாக்கா தோ தோர்!" என்றாள். எனக்கென்ன தெரியும், சக்கரம் உன்னோடதுதானே.

அப்போதுதான் என்னைக் கவனித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அய்யோ, அக்கா! எப்ப வந்தீங்க? உக்காருங்க, இந்தா வந்துர்றேன்."

உட்கார்ந்தேன். பிள்ளைகள் ரோபோவைக் கோட்டில் வைத்தார்கள். எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள், தர்ஷினியின் குரல்தான் மேலே கேட்டது: "தின், துய், ஏக்!" ரோபோ சுவரில் போய் முட்டியது. மறுபடி வைத்தார்கள். மறுபடி எண்ணினார்கள். ஒரு பிள்ளை அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது, இன்னொன்று சண்டைக்கு வந்தது, ரியா எங்கிருந்தோ கத்தினாள், இவள் பதிலுக்குக் கத்தினாள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது, அதை மறைப்பானேன். முறுக்கு டப்பாவை லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்டேஷனுக்குத் தனியாக நடந்தேன்.